தணிகாசலத்துக்குச் சொல்லாத புயல்

மாசிலாமணியின் வீட்டுக்குப் பின்பாதி இல்லை. போன ஐப்பசிப் புயல் அதைத் தூக்கிக்கொண்டுபோய்ப் பக்கத்துத் தாலுகாவில் ஒரு கரும்புக்காட்டின் ஓரமாக வைத்துவிட்டது. அந்த நேரம் பின்பாதியில் துணி தேய்த்துக்கொண்டிருந்த அவர் மனைவி செந்தாமரையும் அதோடு போய்விட்டாள். அங்கே தண்ணீர் நன்றாக வருகிறதாம்.

சமையலறை பின்பாதியில் இருந்தது. ஆகவே மாசிலாமணி ஓட்டலில் சாப்பிட்டார். செந்தாமரை வெட்டுப்பட்ட பக்கத்தில் ஒரு போர்வையைத் தொங்கவிட்டு, அதை விலக்கிக்கொண்டு போய்வந்தாள். தினமும் போனில் பேசிக்கொண்டார்கள். குடும்பம் நடந்துகொண்டுதான் இருந்தது.

புயலைக் குறை சொல்ல முடியாது. கழிமுகம் நகருக்கு வரும் புயல்கள் மரியாதை தெரிந்தவை. முறையாக எச்சரித்த வீட்டை அவை தொடுவதில்லை. முறை இதுதான்: வானிலை ரேடியோ அந்த வருடம் யார் வீட்டில் இருக்கிறதோ, அவர் தாம்பூலத் தட்டோடு வீடு வீடாகப் போக வேண்டும். புருஷன் பெண்டாட்டி இருவரையும் ஒன்றாக நிற்கவைத்து, "வர்ற வியாழக்கிழமை புயல் வெச்சிருக்கு, குடும்பத்தோட அவசியம் ஒதுங்கிடணும்" என்று வாயால் சொல்ல வேண்டும். பிறகு நிலைப்படியில் குங்குமம் வைக்க வேண்டும்.

போன வருடம் ரேடியோ எதிர்வீட்டுத் தணிகாசலத்திடம் இருந்தது. அவர் தெரு முழுக்கத் தட்டோடு போனார். மாசிலாமணி வாசலில் மட்டும் செருப்புச் சேற்றை வழித்துப் போட்டுவிட்டு அடுத்த வீட்டுக்கு நடந்தார்.

பாதி வீடு போன பிறகு மாசிலாமணி காரணம் கேட்டார்.

"உன் மச்சினன் கல்யாணத்துக்கு எனக்கு வாட்ஸப்புல பத்திரிகை அனுப்பின. நேர்ல வந்து அழைச்சியா?"

"நீங்களும் கட்டைவிரல் போட்டீங்களேண்ணே."

"போட்டேன். கோவமாத்தான் போட்டேன்."

இந்த வருடம் ரேடியோ மாசிலாமணியிடம் வந்தது. மஞ்சள் பெட்டி. பக்கவாட்டில் ஒரு கைப்பிடி. மின்சாரம் போனாலும் கைப்பிடியைச் சுற்றினால் பேசும். சுற்றாவிட்டாலும் பேசும், ஆனால் நம்மைப் பற்றிப் பேசும்.

அவர் அதை ஜன்னலோரம் வைத்தார். ஏரியலை இழுத்துவிட்டார். கைப்பிடியைச் சுற்றினார்.

"எந்த ஊருக்கு?" என்றாள் ரேடியோவில் இருந்தவள்.

"கழிமுகம் நகர்."

"குமிழைத் திருகுங்க. இல்லேன்னா ஒடிசாவுக்கெல்லாம் சேர்த்து நான்தான் கத்தணும்."

மாநிலம். மாவட்டம். தாலுகா. எல்லாரும் அங்கேயே நிறுத்திவிடுவார்கள், அதற்குமேல் குமிழ் இறுகும். மாசிலாமணி தேங்காய் எண்ணெய் விட்டார். பல்லைக் கடித்துக்கொண்டு திருகினார். தெரு வந்தது. கதவு எண் வந்தது. தணிகாசலத்தின் கதவு எண்ணில் நிறுத்தினார்.

"வீட்டுக்குள்ளயும் போகலாம்," என்றாள் அவள்.

"பின்பாதி. மத்தியானம் அங்கதான் தூங்குவார்."

"யாருன்னு நான் கேக்கல. ஒண்ணு சொல்லிடறேன். உங்களுக்கு இந்தப் பருவத்துக்கு ஒரு புயல்தான். ஒரு பாதியைக் கொண்டுபோகவும் செய்யும், போன பாதியைத் திருப்பிக் கொண்டுவரவும் செய்யும். ரெண்டுல ஒண்ணுதான்."

மாசிலாமணி மனைவிக்குப் போன் போட்டார். ஓட்டல் சாம்பார் அலுத்துப்போயிருந்தது. உன்னைத் திரும்பக் கொண்டுவரலாம் என்றார்.

"எதிர்வீட்டுக்காரனுக்குப் புயல் வெச்சுட்டீங்களா?" என்றாள் செந்தாமரை.

"இல்ல... நீ வந்துடலாம்னு..."

"நான் எங்க போயிடப்போறேன்? அவன் பின்பாதியில கிச்சன்தானே?"

"ஆமா."

"அந்த மிக்ஸி எனக்கு வந்துட்டாப் போதும். அவனையும் சேர்த்து இங்க அனுப்புங்க."

புதன்கிழமை மாசிலாமணி தட்டை எடுத்தார். முதலில் தன் வீட்டில் தனக்கே சொல்லிக்கொண்டார். ஜோடியாக நிற்க ஆள் இல்லாததால் செந்தாமரையின் சேலை ஒன்றைக் கதவில் மாட்டியிருந்தார். சேலை தலையாட்டியது. பிறகு தெருவுக்கு இறங்கினார்.

தணிகாசலம் காலையிலிருந்தே தயாராக இருந்தார். பட்டு வேட்டி. பக்கத்தில் அவர் மனைவி கஸ்தூரி, தலை நிறையப் பூவோடு. மாசிலாமணி அவர்களுக்கு இடப்பக்க வீட்டுக்குப் போனார். பிறகு வலப்பக்க வீட்டுக்குப் போனார்.

"மாசி, நம்ம வீடு நடுவுல இருக்குய்யா."

"தெரியுதுண்ணே."

"வெத்தல தீந்துபோச்சா? உள்ள இருக்கு, தரட்டுமா?"

"நிறைய இருக்கு."

"தட்டுகூட வேணாம்யா. வாயால ஒரு வார்த்த. இருமுற மாதிரியாச்சும் சொல்லிட்டுப் போ."

மாசிலாமணி செல்போனை எடுத்தார். அவருக்கு ஒரு கட்டைவிரல் அனுப்பினார்.

கஸ்தூரி தெருமுனை வரை பின்னாலேயே வந்தாள்.

"தம்பி, முன்பாதிக்கு ஒண்ணும் ஆகாதில்ல?"

"ஆகாதுக்கா. நாளைக்கு மத்தியானம் முன்பாதியிலயே இருங்க."

அவள் ராத்திரிக்குள் டிவியையும் நகைப்பெட்டியையும் முன்பாதிக்கு மாற்றிவிட்டாள். புருஷனிடம் அது பற்றிப் பேச்செடுக்கவில்லை. சோபா எதற்கு இங்கே வந்தது என்று அவர் கேட்டதற்கு, வெளிச்சத்துக்கு என்றாள்.

வியாழக்கிழமை மதியம் புயல் வந்தது. ஒவ்வொரு வாசலிலும் கொஞ்சம் நின்றது. குங்குமத்தைப் பார்த்தது. சேலை மாட்டிய கதவுக்கு எதிரே சற்று யோசித்துவிட்டு நகர்ந்தது. தணிகாசலத்தின் நிலைப்படியைக் குனிந்து தேடியது. ஒன்றும் இல்லை. உள்ளே போனது.

பின்பாதி சத்தமில்லாமல் கழன்றுகொண்டது. தெருவே மாடியில் நின்று பார்த்தது. அடுப்பு, மிக்ஸி, கட்டில், கட்டிலில் தணிகாசலம். பனைமர உயரத்துக்குப் போனதும் அவர் விழித்துக்கொண்டார்.

"யோவ் மாசி! இதெல்லாம் முறையாய்யா?"

மாசிலாமணி கை கூப்பி வழியனுப்பினார். இப்படி ஒரு நல்ல பசி அவருக்கு எடுத்து ஒரு வருடம் ஆகியிருந்தது.

சாயங்காலம் செந்தாமரை கூப்பிட்டாள்.

"வந்து சேர்ந்துட்டான். அவன் வெட்டும் நம்ம வெட்டும் அப்படியே ஒட்டிக்கிச்சு. விரல் நுழைய எடமில்ல."

"போர்வை போட்டிருந்த வழி?"

"அடைஞ்சுபோச்சு. ரெண்டு கிச்சன் இருக்கு. தெருவாசல்தான் இல்ல."

"கொல்லைக் கதவு?"

"ரெண்டுக்கும் பீரோவை நகர்த்தி வச்சாச்சு. அவனையே தள்ள வச்சேன்."

மாசிலாமணிக்கு மெல்ல விளங்கியது. "செந்தாமரை, அப்ப நீ எப்படி வெளிய வருவ?"

"அவன் எப்படிப் போவான்னு கேளுங்க." அவள் குரல் தாழ்ந்தது. "ஒரு வருஷமா தனியா நின்னு பேசிப் பேசிப் பழகி வச்சிருக்கேங்க. சுவத்தப் பாத்து. இப்பத்தான் ஆள் கெடச்சிருக்கு."

"நான்?"

"நீங்க வாசல பாத்துக்கங்க," என்றாள். பின்னால் ஏதோ பாத்திரம் உருண்டது. போன் அடங்கியது.

மாசிலாமணி திரும்ப அடித்தார். அவள் எடுக்கவில்லை. ரேடியோவை மடியில் வைத்துக் குமிழைத் திருகினார். கரும்புக்காடு வந்தது. அந்த வீடு வந்தது. குமிழ் இப்போது வெண்ணெய் மாதிரி நழுவியது.

"சமையலறையில் ஓரிரு இடங்களில் பலத்த இடி," என்றாள் ரேடியோவில் இருந்தவள். "மற்றொரு சமையலறையில் கரண்டி வீச வாய்ப்பு. கட்டிலுக்குக் கீழே யாரும் செல்ல வேண்டாம் என்று அறிவுறுத்தப்படுகிறது."

எதிர்வீட்டிலிருந்து கஸ்தூரி வந்தாள். பூவை இன்னும் எடுக்கவில்லை. ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

"அழறாரா?"

"இன்னும் சொல்லலக்கா."

"பரவால்ல. இருக்கேன்."

மாசிலாமணி ரேடியோவுக்கு அருகில் வாயைக் கொண்டுபோனார். "ஏம்மா, இது எப்ப கரையக் கடக்கும்?"

"நிலைகொண்டிருக்குங்க. நகர்ற மாதிரி தெரியல."

"வலுவாவது குறையுமா?"

"இப்பத்தான் ஆரம்பிச்சிருக்கு."

கைப்பிடி நிற்கப் போனது. கஸ்தூரி கை நீட்டி அதைச் சுற்ற ஆரம்பித்தாள். மாசிலாமணி சத்தத்தைக் கூட்டி வைத்தார்.