நல்ல மூக்கு

கோலா கங்சார் சாலையோரத்தில் வாடை தூக்கும் டுரியான் பழக்கடைக்கு முன்னால் நாச்சியப்பன் தன் டட்சன் காரை நிறுத்தினார். ஈப்போவில் சேவுகன் பெண் பார்த்து எல்லோருக்கும் பிடித்துப்போயிருந்தது. பெண்ணின் அப்பாவான அவர் ஒருவர்தான் இன்னும் சரி என்று சொல்லவில்லை. முன்சீட்டிலிருந்து சேவுகனும் பின்சீட்டிலிருந்து மகள் சிகப்பியும் இறங்கினார்கள்.

"தம்பி, நீங்க ஒண்ணு எடுங்க. பழம் பாக்கத் தெரியாதவனுக்கு ஆளும் பாக்கத் தெரியாதுலா."

சேவுகனுக்கு இரண்டு நாளாகச் சளி. எந்த வாசமும் தெரியவில்லை. அதைச் சொல்ல வாய் வரவில்லை. ஓரமாகக் கிடந்த ஒன்றை எடுத்து அடிப்பக்கத்தை முகர்ந்தான், காதருகே குலுக்கினான், யோசிப்பவன்போல் கண்ணை மூடினான்.

"இது, மாமா."

கடைக்காரர் பிளந்து கொடுத்தார். சுளை வெண்ணெயாகக் கரைந்தது.

"மூக்குன்னா இதுதான் மூக்கு," என்றார் நாச்சியப்பன். "கல்யாணத்தத் தை மாசமே வச்சுக்கலாம்." கை கழுவக் குழாயடிக்குப் போனார்.

சிகப்பி மெல்லக் கேட்டாள். "சளியா?"

"எப்படித் தெரியும்?" என்றான்.

"கடையோரத்து ஓடையில என்னமோ செத்துக் கெடக்கு. நாங்கல்லாம் தள்ளி வந்துட்டோம். நீங்க பக்கத்துலேயே நின்னு சாப்பிட்டீங்க."

அவன் ஓடைப் பக்கம் திரும்பிப் பார்த்தான். "ஆனா பழம் நல்லாத்தானே இருந்துச்சு?"

"அது பழத்தோட சாமர்த்தியம். அதுல உங்க சாமர்த்தியம் எது?"

அவள் கோபமாகக் கேட்டிருந்தால்கூடத் தாங்கியிருப்பான். தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள்.

நாச்சியப்பன் திரும்பி வந்தார். "வீட்டுக்கும் ஒண்ணு எடுங்க மாப்பிள்ளை."

"எனக்கு மூக்கு அடைச்சிருக்கு மாமா. முன்னால எடுத்ததும் சும்மா எடுத்ததுதான்."

அவர் சிரித்தார். "அடக்கத்தப் பாரு." ஒரு பழத்தைத் தூக்கி அவன் முகத்தருகே நீட்டினார். "இது எப்படி?"

சேவுகன் இழுத்து முகர்ந்தான். முள் உரசியது மட்டும் தெரிந்தது. தலையாட்டினால் போதும், அவர் நம்பிவிடுவார். சிகப்பி பார்த்துக்கொண்டிருந்தாள்.

"தெரியல மாமா."

சிரிப்பு நின்றது. நாச்சியப்பன் தானே ஒன்றைத் தேடி எடுத்துக் காரின் பின்னால் வைத்தார். தை மாதத்தைப் பற்றி மறுபடி பேசவில்லை.

கார் நகர்ந்த சற்று நேரத்தில் அவர் தன் பக்கத்துக் கண்ணாடியை இறக்கினார். சிகப்பியும் இறக்கினாள். சேவுகன் சாலையைப் பார்த்தபடி அசையாமல் இருந்தான்.

"உங்க கண்ணாடியையும் இறக்குங்க," என்றாள் அவள் பின்னாலிருந்து. "டுரியான் வாடை தாங்கல."

அவன் தலை நிமிராமல் கைப்பிடியைச் சுழற்றினான்.