தேர்வு முடிந்த நேரம்

ஒரு நாடு மூன்று தூண்களின்மேல் நிற்கிறது: படை, கருவூலம், அரசியலறிவியல் பாடத்திட்டம். முதல் இரண்டும் சரிந்தாலும் மூன்றாவது நின்றால் நாடு பிழைத்துக்கொள்ளும். ஒவ்வொரு செப்டம்பரிலும் முதலாமாண்டு மாணவர்களிடம் இஷெனாலி குபாதோவிச் இப்படித்தான் சொல்வார். அந்த மூன்றாவது தூண் இருநூற்றுப் பதினான்கு பக்கம். துறையின் அலமாரிக்கு ஒரு கால் குட்டை என்பதால் அதற்கு அடியில் கிடந்தது.

பல்கலைக்கழகத்தின் நான்காவது மாடி, நானூற்றுப் பதினேழாம் அறை. கதவில் பித்தளைப் பலகை: "துறைத் தலைவர் (பொறுப்பு)". இஷெனாலியின் வாழ்க்கையில் இப்போது ஒரே ஒரு ஆசைதான் மிச்சம். அந்த அடைப்புக்குறியும் அதற்குள் இருப்பதும் உதிர வேண்டும். தலைநகரிலிருந்து வரும் தரக்குழு பட்டப்படிப்புக்கு அனுமதி கொடுத்துவிட்டால் அதே வாரம் உதிர்த்துவிடுவதாக ரெக்டர் வாக்குக் கொடுத்திருந்தார்.

ரெக்டர் சும்மா கொடுத்த வாக்கு அல்ல. கதவுக்கு உள்ளே, சுவரில், கறுப்புப் பட்டை போட்ட ஒரு படம் தொங்கியது. பழைய தலைவர் சகின்பெக் தொக்தோசுனோவிச். எல்லாருக்கும் சகின் அகாய், அதாவது சகின் வாத்தியார். படத்துக்குக் கீழே பொன்னெழுத்தில் அவருடைய கடைசி வார்த்தைகள்: "பாடத்திட்டத்தைக் காப்பாற்று, இஷெனாலி." போன ஜனவரியில் இந்த அறையிலேயே, தேர்வு மேசையிலேயே, இரண்டாவது தேர்வாளராகப் பக்கத்தில் இருந்த இஷெனாலியின் கையைப் பிடித்தபடி அகாய் சொன்னது. இரங்கல் கூட்டத்தில் இஷெனாலி இதைச் சொன்னபோது ரெக்டர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அப்போது கிடைத்ததுதான் "பொறுப்பு".

சகின் அகாய் நாற்பத்தோரு வருடம் தேர்வு நடத்தியவர். மேசையில் முப்பது சீட்டுகள் கவிழ்ந்து கிடக்கும். மாணவர் ஒன்றை எடுப்பார், இருபது நிமிடம் யோசிப்பார், எதிரே வந்து உட்கார்ந்து பேசுவார். அகாய் கண்ணை மூடிக்கொள்வார். போதும் என்று தோன்றினால் பேனாவால் மேசையில் இரண்டு தட்டு. டொக், டொக். அதற்குமுன் யார் நிறுத்தினாலும் ஐந்துக்கு மூன்று மதிப்பெண், அதற்குமேல் கிடையாது. தூங்குகிறார் என்று நினைத்து நிறுத்தியவர்கள் இன்று அமைச்சகத்தில் இருக்கிறார்கள். அவர்களுடைய பட்டச் சான்றிதழிலும் மூன்றுதான் இருக்கிறது.

ஏழாம் சீட்டுக்கு மட்டும் அகாய் இரண்டு பிரதி வைத்திருந்தார். ஒன்றில் நாடாளுமன்ற ஆட்சியின் சிறப்புகள், மற்றதில் குடியரசுத் தலைவர் ஆட்சியின் சிறப்புகள். அரசியல் சாசனம் மாறும்போது ஒன்றை எடுத்து உள்ளே வைப்பார், மற்றதை வெளியே எடுப்பார். எதையும் கிழித்துப் போட்டதில்லை.

அவர் போன பிறகு, ஜூன் தேர்வில்தான் அது தொடங்கியது.

முதல் மாணவன் கூட்டாட்சி பற்றிப் பேசிக்கொண்டிருந்தான். பாதி வாக்கியத்தில் சுவரோரம் சத்தம். டொக், டொக். பையன் வாயை மூடிக்கொண்டு எழுந்தான்.

"எங்கடா போற?" என்றார் இஷெனாலி.

"அகாய் தட்டிட்டாரே."

"நான்தான் தலைவர். நான் தட்டல."

"நீங்க பொறுப்புதானே அகாய்," என்று பணிவாகச் சொல்லிவிட்டுப் போனான்.

அறையைச் சூடாக்கச் சுவரோரம் போட்ட வெப்பக் குழாய்தான் சத்தம் போடுகிறது என்று இஷெனாலி குழாய்க்காரன் வலேராவைக் கூப்பிட்டார். வலேரா மண்டியிட்டு, காதை வைத்துக் கேட்டு, கையை முட்டியில் துடைத்துக்கொண்டான்.

"இதுல ஏது சார் தண்ணி? பன்னெண்டு வருஷத்துக்கு முன்னாடியே கீழ அறுத்து அடைச்சாச்சு. நான்தான் அடைச்சேன். அதனாலதான் குளிர்காலத்துல நீங்க எல்லாரும் கோட்டு போட்டுக்கிட்டு உக்கார்றீங்க."

"அப்ப சத்தம்?"

"அது தண்ணிக்காரன் வேலை இல்ல. முல்லாவைக் கேளுங்க."

முல்லாவைக் கேட்கவில்லை. துறை எழுத்தர் சைராவே ஒரு வழி கண்டுபிடித்தாள். செத்தவர்களின் ஆவிக்கு எண்ணெய் வாசனைதான் சாப்பாடு. எல்லா வீட்டிலும் வியாழக்கிழமை போர்சோக் பொரிப்பது அதற்காகத்தான். அதனால் தேர்வு நாள் காலையில் சைரா மின்னடுப்பை வைத்து, சீட்டுகளுக்குப் பக்கத்திலேயே மாவுத் துண்டுகளைப் பொரித்தாள். அறையெல்லாம் புகை. தட்டும் சத்தம் நிற்கவில்லை. ஆனால் கொஞ்சம் தாராளமாகிவிட்டது. மாணவர்கள் ஐந்து நிமிடம் கூடப் பேச முடிந்தது.

இஷெனாலி வேறு வழி பார்த்தார். அமைச்சகத்தின் புதிய முறைப்படி நூறு புள்ளித் திட்டம் எழுதினார். வருகைக்குப் பத்து, தன்முயற்சிக்கு இருபது, இடைத்தேர்வுக்கு முப்பது, வாய்மொழிக்கு நாற்பது. பதினெட்டுக் கற்றல் பயன்கள், ஒவ்வொன்றுக்கும் நாலு அளவுகோல். "பயன் நான்கு: மாணவர் முறையான அதிகாரத்தை அடையாளம் காண்பார்." இவ்வளவு அளவுகோலுக்கு நடுவே ஒரு பேய் எப்படி நுழையும் என்று நினைத்தார். நுழைந்தது. எல்லோருக்கும் சரியான இடத்தில்தான் தட்டியது. படித்தவர்களை நீளப் பேசவிட்டது, படிக்காதவர்களை இரண்டாவது வாக்கியத்திலேயே நிறுத்தியது. இஷெனாலி நூறு புள்ளியைக் கூட்டிக் கழித்து எடுத்த மதிப்பெண்ணும் அந்தத் தட்டு சொன்னதும் ஒன்றாகவே வந்தன. பேயைவிட அதுதான் அவரைப் பயமுறுத்தியது.

தட்டு அவருக்குக் கேட்கும்போதெல்லாம் ஒரு வாக்கியமும் கூடவே கேட்பதுபோல் இருக்கும். யாரோ கிணற்றுக்குள்ளிருந்து பேர் சொல்லிக் கூப்பிடுவதுபோல. அந்த ஜனவரி நாளைப் பற்றி அவர் அதற்குமேல் யோசிப்பதில்லை.

தரக்குழு அடுத்த ஜனவரியில், தேர்வு நடக்கும் நாளிலேயே வந்து இறங்கியது. தலைவி அனார்குல் பெய்ஷெனோவ்னா. உயரம், கம்பளிச் சால்வை, யாரையும் இடையில் வெட்டாத பழக்கம். உள்ளே வந்ததும் மூக்கை உறிஞ்சினார்.

"இங்க என்ன, கல்யாணமா?"

"விருந்தோம்பல், எஜே," என்றார் இஷெனாலி, மூத்த பெண்ணை 'அக்கா' என்று அழைக்கும் மரியாதையோடு. தட்டு நிறைய போர்சோக் முன்னால் போனது.

"இந்தக் குளிர்ல பிள்ளைங்க எப்படிப் பேசுறாங்க?" தலைவி தன் ஓட்டுநரிடம் சொல்லி ஓட்டல் அறையிலிருந்து மின் கணப்பு ஒன்றைக் கொண்டுவரச் செய்தார். நானூற்றுப் பதினேழாம் அறையில் பன்னிரண்டு வருடத்தில் முதல்முறையாகச் சூடு பரவியது. இஷெனாலி கோட்டைக் கழற்றினார்.

பாடத்திட்டத்தை அலமாரிக்கு அடியிலிருந்து எடுக்க முடியவில்லை. எடுத்தால் அலமாரி சாயும். இரண்டாவது பிரதியைக் காட்டினார். தலைவி அதைப் புரட்டவில்லை. பழைய தேர்வுப் பதிவேடுகளைக் கேட்டார். ஒவ்வொன்றாகப் பார்த்து வந்தவர் ஒரு தாளில் விரலை வைத்தார்.

"இது என்ன? 'தொடங்கிய நேரம் பதினொன்று இருபது. முடிந்த நேரம்' காலி. மதிப்பெண் காலி."

"அது… அகாய் இறந்த நாள்," என்றார் இஷெனாலி. படத்தைக் காட்டினார். பொன்னெழுத்தைக் காட்டினார். மற்ற இரண்டு உறுப்பினர்களும் உள்ளங்கைகளால் முகத்தைத் தடவி ஆமீன் சொன்னார்கள். தலைவியும் சொன்னார். விரலை மட்டும் எடுக்கவில்லை.

"அந்தப் பொண்ணுக்கு என்ன ஆச்சு? கனிஷாய்னு போட்டிருக்கு."

"விதிப்படி மறுதேர்வு வைக்க முடியாது. அவ தோக்கல. பாஸ் போடவும் முடியாது, முடிக்கல. கோப்பு ஆய்வில இருக்கு."

"ஒரு வருஷமாவா?"

"வெளிய தாழ்வாரத்துலதான் நிக்கறா எஜே," என்றாள் சைரா, எண்ணெய்ச் சட்டியை மூடிக்கொண்டே. "ஒவ்வொரு தேர்வுக்கும் வந்துருவா. இது பதினோராவது தடவை. இப்ப சந்தையில போன் கடைல வேலை பாக்கறா."

இஷெனாலி சைராவைப் பார்த்த பார்வையில் அடுப்பே அணைந்திருக்கும்.

கனிஷாய் வந்தாள். ஒல்லி, சிவந்த மூக்கு, கையில் மதிப்பெண் ஏடு. அந்த ஏட்டில் ஒரே ஒரு வரி மட்டும் வெள்ளையாக இருந்தது. பட்டம் அந்த ஒரு வரியில் நின்றுகொண்டிருந்தது.

"ரொம்ப லேசு," என்றார் தலைவி. "அன்னிக்கு ரெண்டாவது தேர்வாளரா இருந்தவரு இங்கயே இருக்காரு. பதிலைக் கேட்டவரு. இஷெனாலி குபாதோவிச், முடிஞ்ச நேரத்தைப் போடுங்க, மதிப்பெண் போடுங்க, பதில்ல அவ முக்கியமா என்ன சொன்னான்னு ஒரு வரி எழுதுங்க. கையெழுத்து. கதை முடிஞ்சது."

இஷெனாலி பேனாவைத் திறந்தார். அந்த ஒரு வரியை யோசித்தார். தாளைத் திருப்பிப் பார்த்தார், அதில் எதுவும் எழுதியிருக்கவில்லை.

"விடை… ஆழமா இருந்தது," என்றார்.

"எந்த இடத்துல?"

"குழு முன்னாடி ஒருதரம் சொல்லட்டுமே எஜே. வெளிப்படைத்தன்மை. பயன் பதினொன்று."

கனிஷாய் உட்கார்ந்தாள். அதே பதிமூன்றாம் சீட்டு. "அதிகாரத்தின் ஏற்புடைமை: ஒருவர் நாற்காலியில் இருப்பதால் மட்டும் ஆட்சியாளர் ஆவாரா?"

"முதல்ல இருந்தா, விட்ட இடத்துல இருந்தா?" என்று கேட்டாள்.

"விட்ட இடம் ஞாபகம் இருக்கா?"

"இருக்கு எஜே."

பேசத் தொடங்கினாள். மேசைக்கு அந்தப் பக்கம் மூன்று பேரும் இஷெனாலியும் இருக்க, அவள் பார்த்துப் பேசியது அகாயின் காலி நாற்காலியை. தோல் உறையில் இன்னும் ஒரு பள்ளம் இருந்தது. நடைமுறையில் ஆள்வதற்கும் உரிமையோடு ஆள்வதற்கும் என்ன வித்தியாசம் என்று விளக்கினாள். ஒருவர் நாற்காலியில் இருக்கிறார், அசையவில்லை, எதிரில் இருப்பவர்கள் பயத்தில் பேசிக்கொண்டே இருக்கிறார்கள், அது ஆட்சியா என்று கேட்டாள். உயிரோடு இருக்கிறாரா என்று யாரும் எழுந்து போய்ப் பார்க்காத வரைக்கும் அது ஆட்சிதான் என்று தானே பதில் சொன்னாள். உறுப்பினர் ஒருவர் போர்சோக்கைக் கடிக்காமல் கையிலேயே வைத்திருந்தார்.

பத்து நிமிடம் ஆனது. குழாய் தட்டவில்லை. இருபது நிமிடம். தட்டவில்லை. இப்படி ஒருபோதும் ஆனதில்லை. வரட்டும், வந்தால் முடிந்துவிடும் என்று இஷெனாலி காதைத் தீட்டிக்கொண்டார். கணப்பு சிவந்து கனன்றது. அறை இதமாக இருந்தது. கோட்டு இல்லாமல் தன் நாற்காலியில் உட்கார்ந்து எத்தனை காலம். அவள் குரல் ஒரே சீராக ஓடியது. பிரிவு, உட்பிரிவு, உதாரணம். யாரோ தூரத்தில் வெந்நீர் ஊற்றுவதுபோல்.

டொக், டொக்.

"முழிச்சுட்டேன் அகாய்! முழிச்சுட்டேன்!" என்று இஷெனாலி துள்ளி எழுந்து நின்றார். பேனா உருண்டு கீழே விழுந்தது.

கனிஷாய் நிறுத்தவில்லை. வாக்கியத்தை முடித்துவிட்டுத்தான் நிறுத்தினாள்.

மூன்று உறுப்பினர்களும் தட்டிய சுவரைப் பார்த்தார்கள். அறுத்து அடைத்த குழாய் அங்கே சும்மா நின்றது. அப்புறம் இஷெனாலியைப் பார்த்தார்கள். வாயோரத்தை அவர் கைக்குட்டையால் ஒற்றிக்கொண்டிருந்தார்.

"யாரைச் சொல்றீங்க?" என்றார் தலைவி மெதுவாக.

"ஒண்ணுமில்ல எஜே. தூசி."

தலைவி கனிஷாயின் பக்கம் திரும்பினார். "தட்டினதும் எல்லாரும் நிறுத்துவாங்கன்னு வெளிய பிள்ளைங்க சொன்னாங்க. நீ ஏம்மா நிறுத்தல?"

"அது எனக்குத் தட்டினது இல்ல எஜே. அன்னிக்கும் அப்படித்தான்."

"அன்னிக்கும்னா?"

கனிஷாய் ஏட்டின் மூலையை மடித்தாள், நிமிர்த்தினாள். "அன்னிக்கும் நான் பேசிட்டிருக்கும்போது தட்டினாரு. ஆனா என்னைப் பாக்கல. கண்ணைத் திறந்து இந்தப் பக்கம் திரும்பி, 'இஷெனாலி, எழுந்திரு'ன்னாரு. அப்புறம் திரும்பிக் கண்ணை மூடிக்கிட்டாரு. எனக்கு நிறுத்தச் சொல்லலையேன்னு நான் தொடர்ந்து பேசினேன். சைரா அக்கா டீ கொண்டுவந்து கத்துற வரைக்கும் பேசினேன். நாப்பது நிமிஷம்."

"உனக்குச் சந்தேகம் வரலையா?"

"ரெண்டு பேரும் கண்ணை மூடியிருந்தாங்க எஜே. ஆனா குறட்டைச் சத்தம் கேட்டுக்கிட்டே இருந்துச்சு. அதனால அகாய் நல்லாத்தான் இருக்காருன்னு நெனச்சேன்."

"இதை யார்கிட்டயும் சொல்லலையா?"

"யாரும் கேக்கல. மார்க் வந்துச்சான்னுதான் கேட்டாங்க."

சைரா தலைக்குட்டை முனையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அவள் கத்தியபோது இஷெனாலி அகாயின் கையைப் பிடித்தபடி கண்கலங்கி உட்கார்ந்திருந்ததைப் பார்த்தவள் அவள்தான். ஊரெல்லாம் சொன்னவளும் அவள்தான். கையை எப்போது பிடித்தார் என்று அவளும் கேட்டதில்லை.

இஷெனாலி சுவரிலிருந்த பொன்னெழுத்துகளைப் பார்த்தார். 'இஷெனாலி' என்ற சொல் மட்டும் சரியாக இருந்தது.

தலைவி பதிவேட்டைத் தன் பக்கம் இழுத்தார். மதிப்பெண் என்ற இடத்தில் ஐந்து என்று போட்டார். கனிஷாய் ஏட்டை இரண்டு கையாலும் வாங்கி, அந்த வரியில் ஈர மையைப் பார்த்து, ஊதினாள்.

"படிப்புக்கு அனுமதி உண்டு," என்றார் தலைவி. "இங்க மதிப்பீடு ஒழுங்காத்தான் நடக்குது. யாரு நடத்துறாங்கங்கிறதுதான் கேள்வி. அதை ரெக்டர்கிட்ட பேசிக்கறேன்."

பிறகு சைராவிடம் எழுதச் சொன்னார். முடிந்த நேரம்: பன்னிரண்டு மணி. குறிப்பு: அன்று குறட்டை விட்டவர் இரண்டாவது தேர்வாளர்.