பாதி உதவி போதும்

சுண்டெலிக்குக் கால்நடை மருத்துவக் கல்லூரியில் இடம் கிடைத்த செய்தியை முதலில் கேட்டவர் அவள் அப்பா. ஃபிரிட்ஜ் பழுதுபார்க்கிறவர். யார் வீட்டிலோ ஃபிரிட்ஜுக்குப் பின்னால் தலையை விட்டுக்கொண்டிருந்தவர், கையில் ஸ்க்ரூ டிரைவரோடு அப்படியே தெருவுக்கு வந்து நின்று சிரித்தாராம். சுண்டெலி என்று பட்டப்பெயர் வைத்ததும் அவர்தான்.

அம்மா ராணுவத்தில் வயர்லெஸ் ஆபரேட்டர். மகளுக்கு விவரம் தெரிந்த நாளிலிருந்து, விடுமுறைக்கு வந்துபோகிற அம்மா. இப்போது ஓய்வுக்கு எழுதிக் கொடுத்திருந்தாள். கல்லூரி திறப்பதற்குள் வீட்டுக்கே வந்துவிடுவாள்.

படிப்புச் செலவுக்கு வழி தேடி, அப்பாவும் மகளும் படைவீரர் குடும்பநல அலுவலகத்துக்குப் போனார்கள். மின்விசிறிக் காற்றில் பறக்காமலிருக்கக் காகிதங்கள்மேல் செல்போனை வைத்துவிட்டு அதிகாரியம்மா பேசினார்.

"அம்மா சர்வீஸ்ல இருந்தா முழுச் செலவும் கிடைக்கும். ரிட்டயர் ஆயிட்டா பாதிதான். இன்னும் உத்தரவு வரலையே? எழுதிக் கொடுத்ததை வாபஸ் வாங்கிட்டு, படிப்பு முடியறவரைக்கும் இருக்கச் சொல்லுங்களேன்."

அப்பா மகளைப் பார்த்தார். மகள் தரையைப் பார்த்தாள்.

வெளியே வந்ததும், "அம்மாகிட்ட சொல்லாதீங்கப்பா," என்றாள்.

"சொல்லாம எப்படி?"

"சொன்னா அங்கேயே இருந்துடுவாங்க. உங்களுக்குத் தெரியாதா அம்மாவ?"

தெரியும். அவர் வண்டியை உதைத்துக் கிளப்பினார்.

அன்று சாயங்காலமே அம்மா போன் செய்தாள்.

"எல்லாம் ஆச்சும்மா. உதவி கிடைச்சிடும்."

"முழுசாவா?"

"கிடைச்சிடும்மா."

"இதோ பாரு, இரைச்சலுக்கு நடுவுல ஒருத்தர் என்ன சொல்றாருன்னு பிரிச்சுக் கேக்கறதுதான் இத்தனை வருஷமா என் வேலை. உன் குரல் சரியில்ல. போனை அப்பாகிட்ட குடு."

அப்பாவுக்குப் பொய் வராது. போட்டு உடைத்துவிட்டார்.

"சரி, அப்போ நான் இருந்துடறேன்," என்றாள் அம்மா. "அஞ்சு வருஷம்தானே, ஓடிப் போயிடும்."

சுண்டெலி போனைப் பிடுங்கினாள். "ஓடாதும்மா. உனக்கு அங்க ஓடும், இங்க ஓடாது. ஸ்கூல்ல பரிசு வாங்கறப்பல்லாம் வாசலையே பாத்துட்டு நிப்பேன், திடீர்னு நீ வந்து நிப்பியோன்னு. இனிமேலும் அப்படியே நிக்கணுமா? எனக்குப் பாதி உதவி போதும். நீ வா."

மறுமுனையில் வெறும் இரைச்சல். அம்மா அழுகிறாளா என்று பிரித்துக் கேட்க மகளுக்குத் தெரியவில்லை.

தனக்கென்று எதையும் கேட்டுப் பழகாத அம்மா, மகள் படிப்புக்கு உதவி கேட்டு மறுநாள் மேலதிகாரி முன்னால் போய் நின்றாள். வீரர்களின் பிள்ளைகள் படிப்புக்கென்று படைப்பிரிவிலேயே ஒரு நிதி இருப்பது அப்போதுதான் அவளுக்குத் தெரிந்தது. சுண்டெலி தங்கப்போகும் கல்லூரி விடுதியின் செலவை அது ஏற்றுக்கொண்டது. மிச்சத்துக்கு அப்பா வங்கியில் கல்விக் கடன் போட்டார்.

அம்மா வந்து சேர்ந்தபோது கல்லூரி திறக்க ஒரு வாரம்கூட இல்லை. தன் வீட்டிலேயே விருந்தாளி மாதிரி, டம்ளரை எங்கே வைப்பது என்று கேட்டுக் கேட்டு நடமாடினாள். மகளோடு எதையாவது பேச வருவாள், பெட்டி கட்டுவதைப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுவாள்.

விடுதிக்கும் அம்மாதான் கொண்டுபோய் விட்டாள். கட்டிலில் விரிப்பைச் சுருக்கமில்லாமல் இழுத்து மடக்கினாள். பிறகு செய்வதற்கு ஒன்றுமில்லை. கிளம்பவும் மனசில்லை.

"அம்மா, தலை பின்னி விடறியா?"

"எனக்கு வராதேடி. உனக்கு எப்பவும் அப்பாதானே பின்னி விடுவாரு?"

"பரவால்ல, நீ பின்னு."

அம்மா பின்னினாள், அவிழ்த்தாள், மறுபடி பின்னினாள். விரல் கழுத்தில் படும்போதெல்லாம் சுண்டெலி கண்ணை மூடிக்கொண்டாள்.

மறுநாள் காலை முதல் வகுப்பு. பின்னல் ஒரு பக்கமாகத் தளர்ந்து தொங்கியது. அறைத்தோழி சீப்போடு வந்தாள். "அவுத்துட்டு நான் போட்டு விடவா?"

"வேணாம்," என்று சுண்டெலி பின்னலை முன்னால் எடுத்துப் போட்டுக்கொண்டாள். "இன்னிக்கு இப்படியே இருக்கட்டும். எங்கம்மா போட்டது."