செம்பில் ஒரு பூ

2024 ஆகஸ்ட் 9, வெள்ளிக்கிழமை. உசிலம்பட்டி பேருந்து நிலையத்தில் மதுரை வண்டியை நிறுத்திவிட்டு இறங்கிய ஓட்டுநர் அருள்பாண்டி, வயது நாற்பத்தேழு, மாரடைப்பில் இறந்தார்.

மறுநாள் பதினொரு மணிக்கு, தூக்கப்போகும் நேரத்தில், அவருடைய சின்னம்மா செல்லக்கிளி, அவர் மனைவி சுபலட்சுமியின் பக்கத்தில் குனிந்தாள். இறந்தவன் பெண்டாட்டி முழுகாமல் இருந்தால், மாதத்துக்கு ஒரு பூவாகச் செம்புத் தண்ணீரில் போட்டு ஊருக்குக் காட்டிய பிறகுதான் பிணத்தை எடுப்பார்கள். பின்னால் ஒரு வாய் தப்பாகப் பேசக் கூடாது.

“முறைக்குக் கேக்குறேன் தாயி. ஒண்ணும் இல்லைல்ல?”

கொழுந்தன் ஜெயபாண்டி முந்திக்கொண்டான். “மதினிக்கு நாப்பத்திநாலு. பதினெட்டு வருசமா இல்லாததையா இப்பக் கேக்குறீக? தூக்குங்கப்பா.”

மதுரையில் ஒரு மருத்துவமனையில் இரண்டு கருக்களை உறைய வைத்திருந்தார்கள். இருவரும் சேர்ந்து கையெழுத்துப் போட்டது. பிள்ளை பத்தாவது படிக்கும்போது நமக்கு அறுபது ஆகுமே என்று, கருவை வயிற்றில் வைக்கும் தேதியை மூன்று முறை தள்ளி வைத்தது சுபலட்சுமிதான். “உனக்கு எப்பத் தோணுதோ ஒரு போன் போடு, லீவு சொல்லிட்டு வாரேன்” என்பார் அருள்பாண்டி. அவள் போடவில்லை.

“இருக்கு,” என்றாள்.

செல்லக்கிளி நிமிர்ந்தாள்.

“எத்தனை மாசம்?”

“மாசம் இல்ல அத்தை. வயித்துல இல்ல. மதுரை ஆஸ்பத்திரியில இருக்கு. அவரோடது.”

“ஐஸ்பெட்டியிலயா பிள்ளை வச்சிருக்கீக?” என்றது ஆண்கள் பக்கமிருந்து ஒரு குரல். இரண்டு மூன்று பேர் சிரித்தார்கள்.

“நேத்துல இருந்து அவரும் ஐஸ்பெட்டியிலதான கெடந்தாரு. அப்பச் சிரிக்கலையே.”

“பொணத்தை வச்சுக்கிட்டு என்ன பேச்சு மதினி இது?” என்றான் ஜெயபாண்டி.

“அடுத்த வருசம் யாரு பிள்ளைன்னு நீங்கதான தம்பி கேப்பீக? பூவைப் போடுங்க அத்தை. காட்டாம தூக்க விட மாட்டேன்.”

எழுந்து போய்ப் பாடையின் மூங்கிலைப் பிடித்துக்கொண்டாள். பிரிக்க வந்த பெண்களின் கைகளை ஒவ்வொன்றாக உதறினாள்.

“மாசம் இல்லாத கணக்கு எனக்குத் தெரியாதுடி,” என்று முணுமுணுத்தபடி செல்லக்கிளி மல்லிகை ஒன்றைக் கிள்ளிச் செம்பில் போட்டாள். பந்தலின் நடுவில் நின்று, கொட்டுக்காரர்களுக்கும் தெரியும்படி உயர்த்திப் பிடித்தாள்.

“அருள்பாண்டி பிள்ளை மதுரையில இருக்கு. எல்லாரும் பாத்துக்கங்கப்பா.”

அதன் பிறகு தூக்கினார்கள்.

நவம்பரில் வைத்த கரு தங்கவில்லை. ஜனவரி ஆறாம் தேதி, இரண்டாவதற்குச் சுபலட்சுமி தனியாகப் போய்க் கையெழுத்துப் போட்டாள்.