முன் சீட்டுக்காரி

காரின் மீட்டர் பலகையில் அந்தச் சிவப்பு விளக்கு எரிய ஆரம்பித்த அன்றே பெரிய சிஸ்டருக்குத் தெரிந்துவிட்டது, இது மாப்பிள்ளையின் வேலைதான் என்று. சாட்சி கிடையாது. சாட்சி எதற்கு? மகளைக் கட்டிக்கொடுத்த நாளிலிருந்து அந்த வீட்டில் நடந்த எந்தக் கோளாறுக்கு அவன் காரணமில்லாமல் இருந்திருக்கிறான்?

அரசாங்க ஆஸ்பத்திரியில் தலைமை நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவள் அவள். வார்டுக்குள் அவள் நுழைந்தால் டாக்டர்களே சட்டைப் பொத்தானைச் சரிபார்த்துக்கொள்வார்கள். 'பெரிய சிஸ்டர்' என்பது அங்கே வந்த பெயர். மாப்பிள்ளை அதை அவள் முதுகுக்குப் பின்னால் மட்டும் சொல்வான். முகத்துக்கு நேரே 'அத்தை'தான், அதுவும் பல்லைக் கடித்துக்கொண்டு.

கணவர் போன பிறகு மூன்று வருஷமாக மகள் வீட்டு வாசம். சும்மா உட்கார்ந்து சாப்பிடுகிற ஜாதியில்லை அவள். ஒரு சின்ன கிளினிக்கில் காலை வேலை தேடிக்கொண்டாள். மாப்பிள்ளைக்கு ஆபீஸ், மகளுக்கு ஆபீஸ், அவளுக்குக் கிளினிக். மூன்று பேரும் ஒரே வண்டியில் கிளம்புவார்கள். அவளுடைய வலது முட்டி மடங்காது. பஸ் படி ஏற முடியாது, பின் சீட்டில் காலைக் குறுக்கி உட்காரவும் முடியாது. அதனால் முன் சீட் அவளுடையது. சீட்டைக் கடைசிவரை பின்னுக்குத் தள்ளி, காலை நீட்டிக்கொண்டு, பக்கத்தில் இருப்பவனுக்கு வண்டி ஓட்டத் தெரியாது என்பதைத் தினமும் அவனுக்கு எடுத்துச் சொல்லிக்கொண்டே போவாள்.

"பிரேக்கை இப்பவே மிதிங்க மாப்பிள்ளை. அந்த லாரிக்கு அடியில போனப்புறம் மிதிச்சு என்ன பிரயோஜனம்?"

"உங்க வார்டுல நோயாளிங்க ஏன் சீக்கிரமா குணமாகி ஓடினாங்கன்னு இப்பத்தான் அத்தை புரியுது."

பின் சீட்டில் மகள் போனைப் பார்த்துக்கொண்டு வருவாள். ஒரு வார்த்தை பேச மாட்டாள். அப்பா மாதிரி வாயில்லாப் பூச்சி என்று பெரிய சிஸ்டர் அடிக்கடி வருத்தப்படுவதுண்டு.

இந்த லட்சணத்தில்தான் விளக்கு எரிந்தது. உட்கார்ந்திருக்கிற ஓர் ஆள், அவன் நெஞ்சுக்கு எதிரே பந்து மாதிரி ஒரு வட்டம். ஏர்பேக்கில் ஏதோ கோளாறு என்று அர்த்தமாம். மகள்தான் முதலில் பயந்தாள்.

"முன்னாடி உக்காராதம்மா. பை திடீர்னு வெடிச்சா உன் எலும்பு தாங்காது. வண்டி சரியாகிற வரைக்கும் அண்ணன் வீட்ல போய் இரேன். அங்க லிஃப்ட் கூட இருக்கு."

அண்ணன் வீட்டில் லிஃப்ட் இருந்தது உண்மைதான். மருமகளும் இருந்தாள். அது வேறு ஊர். போனால் கிளினிக் வேலை போச்சு, இங்கே இருக்கிற அறை போச்சு, மகள் முகமும் போச்சு. மாப்பிள்ளையோ, "பார்க்கலாம் அத்தை, நேரம் கிடைக்கட்டும்" என்று வாரக்கணக்கில் இழுத்தடித்தான். பெரிய சிஸ்டருக்கு விஷயம் பளிச்சென்று விளங்கிவிட்டது. கழுத்தைப் பிடித்துத் தள்ள அவனுக்குத் தைரியமில்லை, அதனால் ஒரு விளக்கை விட்டுத் தள்ளப் பார்க்கிறான். அந்த விளக்கு அணைந்தால் அவள் இருப்பாள், அணையாவிட்டால் போக வேண்டும்.

விடுவாளா? கிளினிக் டாக்டரின் வண்டியைப் பார்க்கிற எலக்ட்ரீஷியனிடம் தானே பேசி, ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை இருவரையும் கிளப்பிக்கொண்டு போனாள். அன்றும் முன் சீட்டில்தான் உட்கார்ந்தாள். வெடித்தால் வெடிக்கட்டும் என்றாள்.

எலக்ட்ரீஷியனுக்கு 'மின்னல்' என்று பெயர். அசைந்து அசைந்து அவன் நடந்து வந்ததைப் பார்த்த பிறகு அந்தப் பெயருக்குக் காரணம் கேட்கத் தேவைப்படவில்லை. தகரக் கூரைக்குக் கீழே பேட்டரிகள் வரிசையாகச் சார்ஜ் ஏறிக்கொண்டிருந்தன. ஏதோ வேனிலிருந்து பிடுங்கிய நீளமான சீட் ஒன்றைச் சுவரோரம் போட்டிருந்தான், வாடிக்கையாளர்கள் உட்கார. அதிலும் பெரிய சிஸ்டர் நடுவில் உட்கார்ந்தாள்.

மின்னல் ஸ்டீயரிங்குக்கு அடியில் ஸ்கேனரைச் செருகி, கண்ணைச் சுருக்கிப் படித்தான். "பயணி சீட். பக்கவாட்டுப் பைக்குப் போற லைன் கட்டாயிருக்கு."

"அழிச்சுட முடியும்ல? விளக்கை மட்டும் அணைச்சுக் குடுங்க, போதும்" என்றாள் மகள்.

"காய்ச்சல்காரனுக்குத் தெர்மாமீட்டரை உதறி வச்சா காய்ச்சல் போயிடுமாடி?" என்று பாய்ந்தாள் தாய். "நீங்க நல்லாப் பாருங்க தம்பி. எங்க அறுந்திருக்கு, யாரால அறுந்திருக்கு, எல்லாம் எனக்குத் தெரியணும்."

"யாரால-ன்னு ஸ்கேனர் சொல்லாதும்மா" என்றான் மின்னல், கொட்டாவியோடு. பேட்டரி வயரைக் கழற்றிவிட்டு ஸ்டூலில் உட்கார்ந்தான். "கொஞ்ச நேரம் சும்மா விடணும். உள்ள கரண்டு மிச்சம் இருக்கும். இப்பவே பைக்குப் போற மஞ்சள் வயர்ல கை வச்சா பை என் மூஞ்சியில வெடிக்கும்."

சும்மா இருக்கச் சொன்னால் சும்மா இருக்கிற கூட்டமா அது?

"நேரம் இல்ல, நேரம் இல்லன்னீங்க. இன்னிக்கு எங்கேருந்து வந்துச்சு மாப்பிள்ளை நேரம்?"

"ஞாயித்துக்கிழமை தூங்குற நேரத்தை உங்களுக்குத் தானமா குடுத்திருக்கேன் அத்தை."

"தானம் வாங்கித் தின்ற குடும்பமில்ல எங்களுது."

"ரெண்டு பேரும் கொஞ்சம் வாயை மூடுறீங்களா?" என்றாள் மகள். குரல் உயரவில்லை. ஆனாலும் இரண்டு பேரும் திரும்பிப் பார்த்தார்கள்.

மின்னல் எழுந்து வந்து, கடைசிவரை பின்னுக்குத் தள்ளியிருந்த சீட்டைப் பார்த்தான். "இவ்வளவு பின்னாடி யாரு தள்றது? சீட்டுக்கு அடியில வயர் இழுபடும். அதனால கூட பிளக் விட்டுப்போகும்."

மாப்பிள்ளையின் முகத்தில் விளக்குப் போட்ட மாதிரி ஒரு சந்தோஷம். "நான் அப்பவே நெனச்சேன். மூணு வருஷமா சீட்டை இழுத்து இழுத்துத் தள்ளினா வண்டி தாங்குமா? அத்தை, கோளாறு வண்டியில இல்ல."

பெரிய சிஸ்டருக்கு உச்சி முதல் உள்ளங்கால் வரை எரிந்தது. ஆனாலும், உண்மையாகவே தன் முட்டிதான் காரணமோ என்று ஒரு நொடி அவளுக்கே பயம் வந்துவிட்டது. தோற்றுவிட்டோமோ?

மின்னல் தரையில் படுத்து, டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டு சீட்டுக்கு அடியில் கையை விட்டான். வெகு நேரம் கழித்துத் தலையை வெளியே எடுத்தான்.

"இழுபட்டு விடலை. இழுபட்டிருந்தா கொக்கி உடைஞ்சிருக்கும், இல்ல வயர் பிஞ்சிருக்கும். இது பூட்டை நகர்த்தி, அமுக்கி, பதமாக் கழட்டி, கார்ப்பெட்டுக்கு அடியில செருகி வச்சிருக்கு. யாரோ கைவச்சிருக்காங்க."



பெரிய சிஸ்டர் எழுந்து நின்றாள். முட்டி வலி எங்கே போனதோ தெரியவில்லை. "சொல்லுங்க மாப்பிள்ளை. இப்ப சொல்லுங்க. கோளாறு எங்க இருக்கு?"

மாப்பிள்ளை மனைவியைப் பார்த்தான். பிறகு செருப்பைப் பார்த்தான். "ஆமா. நான்தான் கழட்டினேன்."

"கேட்டியாடி! கேட்டுக்க! உன் புருஷன் வாயாலயே சொல்லிட்டார். என்னைத் துரத்தறதுக்கு எவ்வளவு பெரிய திட்டம் பாரு! முழுப் பூசணிக்காயைச் சோத்துல மறைக்கப் பார்த்தாரே இந்த மனுஷன்!" கையும் களவுமாகப் பிடித்த ஆனந்தத்தில் அவளுக்கு மூச்சு வாங்கியது.

"எப்படி சார் கழட்டுனீங்க?" என்று நடுவில் கேட்டான் மின்னல். சண்டையில் அவனுக்கு அக்கறை இல்லை. "எதையாவது விட்டு நெம்புனீங்களா? உள்ள பின் வளைஞ்சிருந்தா நான் மாத்தணும், அதான்."

"சும்மா... பிடிச்சு இழுத்தேன்."

"இழுத்தா வராதே சார்."

பெரிய சிஸ்டர் மாப்பிள்ளையின் கையைப் பார்த்தாள். முறம் மாதிரி கை. மின்னலின் ஒல்லிக் கையே கீறிக்கொண்டு வெளியே வந்திருந்தது, இந்தக் கை அந்தச் சந்துக்குள் மணிக்கட்டு வரை கூடப் போயிருக்காது. மாத்திரை போட்டேன் சிஸ்டர் என்று கூசாமல் புளுகுகிற எத்தனை நோயாளிகளைப் பார்த்தவள் அவள்! புளுகுகிறவன் இப்படித்தான் செருப்பைப் பார்ப்பான். இவன் புளுகுகிறான். யாருக்காக?

"விடுங்க" என்றாள் மகள். "நான்தான்மா."

கிணறு வெட்டப் பூதம் கிளம்பிய கதை. பெரிய சிஸ்டருக்கு அந்த வார்த்தை காதில் விழுந்தது, உள்ளே போகவில்லை.

"சீட் கவர் போட்டப்ப அந்த ஆள் கழட்டி மாட்டினதைப் பார்த்தேன். அதே மாதிரி கழட்டினேன். விளக்கு எரியும், நீ பயந்து அண்ணன் வீட்டுக்குப் போவேன்னு நெனச்சேன்."

"என்னடி பேசற? நான் உனக்கு என்னடி குறை வச்சேன்?"

"மூணு வருஷமா என் வண்டியில நான் பின்னாடி உக்காந்துட்டு வரேன்மா. காலையில அந்தக் கொஞ்ச நேரம்தான் நானும் அவரும் சேர்ந்து இருக்கிறது. ராத்திரி வர்றப்ப ரெண்டு பேருக்கும் உசிர் இருக்காது. அந்தக் கொஞ்ச நேரமும் உங்க ரெண்டு பேரோட சண்டையைக் கேட்டுட்டே வரேன். அவர் முதுகைப் பார்த்துட்டே வரேன். எனக்கு அலுத்துப்போச்சும்மா."

"வாயிருக்குல்ல? சொல்லித் தொலைச்சிருக்கலாமே!"

"உன்கிட்டயா? நீ யாரை ஒரு வாக்கியம் முழுசா முடிக்க விட்டிருக்க?"

பெரிய சிஸ்டர் மாப்பிள்ளை பக்கம் திரும்பினாள். "உங்களுக்குத் தெரியும்."

"பார்க்கிங்ல அவ மண்டி போட்டு உக்காந்திருந்ததைப் பார்த்தேன்" என்றான் அவன். "கேக்கலை. கேட்டா திருப்பி மாட்டச் சொல்லணும்ல?" இந்தத் தடவை அத்தை என்று சொல்லவில்லை.

மின்னல் பிளக்கை மாட்டிவிட்டு, துணியில் கையைத் துடைத்தபடி வந்தான். "ஒண்ணு தெரிஞ்சுக்குங்க. இந்த விளக்கு எரிஞ்சா அந்த ஒரு பை மட்டும்தான் தூங்கும்னு நெனைக்காதீங்க. இந்த வண்டியில எல்லாப் பையும் தூங்கிடும். இத்தனை வாரமும் எங்கயாவது மோதியிருந்தா, ஓட்டுறவருக்கும் சேர்த்து ஒண்ணும் வெடிச்சிருக்காது."

மகளின் முகம் வெளிறிப்போனது. "அது எனக்குத் தெரியாது. அது ஒண்ணுக்கு மட்டும்தான்னு..."

மாப்பிள்ளை அவளையே பார்த்துக்கொண்டு நின்றான். "ஒண்ணுக்கு மட்டும்னா பரவாயில்லையா?" என்றான் மெதுவாக.

அந்த ஒன்று யாருடைய சீட் என்பது மூன்று பேருக்கும் தெரியும். மகளுக்கு எதிராக அந்த மனிதன் மாமியாருக்காகப் பேசினான்!  இதற்கு அவன் ஒரு வசவு வைதிருக்கலாம், அது எவ்வளவோ மேல்.

மின்னல் பேட்டரி வயரை மறுபடி மாட்டி, ஸ்கேனரில் கோளாறை அழித்தான். சாவியைத் திருப்பினான். விளக்கு எரிந்து, கொஞ்சம் தயங்கி, அணைந்தது. "மூணு பேரும் ஏறி ஒரு சுத்து போயிட்டு வாங்க. சீட்ல ஆள் உக்காந்து பார்த்தாத்தான் முழுசாத் தெரியும்."

மகள் முன் கதவைத் திறந்தாள். திறந்து பிடித்துக்கொண்டு, "நீ உக்காரும்மா" என்றாள். வாய் சொன்னது. கை கதவை விடவில்லை.

பெரிய சிஸ்டர் அந்தக் கையைப் பார்த்தாள். பின் கதவைத் தானே திறந்து, முட்டியை இரண்டு கையாலும் தூக்கி உள்ளே வைத்து, உயிர் போகிற வலியில் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். மகள் முன்னால் ஏறி உட்கார்ந்து, சீட்டைக் கொஞ்சம் முன்னுக்குத் தள்ளினாள். போதவில்லை. போதவில்லை என்று பெரிய சிஸ்டர் சொல்லவில்லை.

வண்டி தெருவுக்கு வந்தது. ஞாயிற்றுக்கிழமையாதலால் கடைகள் பாதி மூடியிருந்தன. பின்னாலிருந்து பார்த்தால் இரண்டு தலைகள் தெரிந்தன, சாலை தெரியவில்லை. முன்னால் இருவரும் தாழ்ந்த குரலில் பேச ஆரம்பித்தார்கள். சண்டைதான். அவன் ஏதோ கடுகடுவென்று கேட்டான், அவள் பதிலுக்குச் சீறினாள். இன்ஜின் இரைச்சலில் ஒரு சொல்லும் பிடிபடவில்லை. பெரிய சிஸ்டர் சீட்டுகளுக்கு நடுவே தலையை நீட்டினாள்.

"என்னடி சொல்றார்?"

"ஒண்ணுமில்லம்மா" என்றாள் மகள், திரும்பாமல். "இது எங்களுக்குள்ள."

பெரிய சிஸ்டர் பின்னால் சாய்ந்தாள். முட்டியைப் பிடித்துக்கொண்டாள். மீட்டர் பலகையில் எந்த விளக்கும் எரியவில்லை என்பது அங்கிருந்தே தெரிந்தது.

"சாயங்காலம் உன் அண்ணனுக்கு நானே போன் பண்றேன்" என்றாள். "வந்து கூட்டிட்டுப் போகச் சொல்றேன்."

வேண்டாம் என்று யாராவது சொல்வார்கள் என்று அடுத்த திருப்பம் வரை காத்திருந்தாள். மாப்பிள்ளையாவது சொல்வான் என்று நினைத்தாள். வண்டி திரும்பியது. யாரும் சொல்லவில்லை.