வார்னிஷ் அடித்த செம்புத் தகடு

மகள் கற்பகவல்லி டெல்லியில் என்ன வேலை பார்க்கிறாள் என்று யாராவது கேட்டுவிட்டால் முனியசாமிக்கு வாய் குழறும். டாக்டர் என்பார். அப்படியென்றால் என் முழங்கால் வலிக்கு ஒரு மருந்து கேளும் என்பார்கள். இயற்பியல் டாக்டர் என்று விளக்கப் போனால் கேட்டவர் பஸ் ஏறிப் போயிருப்பார். ஆராய்ச்சிக்கூடத்தை விட்டு வந்து அரசாங்கத்துக்கு அறிவியல் விதிகள் எழுதிக் கொடுப்பதும், அதை ஊர் ஊராகப் போய் ஜனங்களுக்குப் புரியவைப்பதும் ஒரு உத்தியோகமா என்று அவருக்கே உள்ளுக்குள் சந்தேகம்தான்.

அதனால்தான் ஏழாயிரம்பண்ணைப் பக்கம் ரத்தினசாமியின் பட்டாசுக் கம்பெனியில் அவள் பேசப்போகிறாள் என்றதும், வெள்ளை வேட்டியைக் கட்டிக்கொண்டு கூடவே கிளம்பிவிட்டார்.

அவள் இருந்த குழு எழுதிய விதி ஒன்று அங்கே நடப்பில் இருந்தது. வெடிமருந்து கலக்கும் அறைக்குள் நுழைகிறவர்கள் வாசலில் பதித்த செம்புத் தகட்டைத் தொட்டுவிட்டுத்தான் போகவேண்டும். உடம்பில் சேர்ந்திருக்கும் மின்சாரம் தகடு வழியாக மண்ணுக்குள் இறங்கிவிடும். இறங்காவிட்டால் விரல் நுனியில் தெறிக்கும் ஒரு பொறி போதும், அறையே மிஞ்சாது.

தீபாவளி சீசன், மதியம் லோடு கிளம்பவேண்டும். அப்படியும் ரத்தினசாமி மரியாதையில் குறை வைக்கவில்லை. அவளுக்கு மாலை போட்டார். செம்புத் தகடுகளை எல்லாம் புளி போட்டுத் துலக்கி, பளபளப்பு மங்காமலிருக்க வார்னிஷும் அடித்து, சந்தனம் குங்குமம் வைத்திருந்தார். மகளின் விதிக்கே பொட்டு வைத்திருக்கிறார்கள் என்று முனியசாமிக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது.

கற்பகவல்லி பையிலிருந்து மீட்டரை எடுத்துத் தகட்டில் வைத்தாள். முள் அசையவில்லை. அடுத்த வாசலிலும் அசையவில்லை. சட்டென்று ரத்தினசாமி பக்கம் திரும்பினாள்.

"அண்ணாச்சி, எல்லாரையும் வெளிய வரச் சொல்லுங்க. வார்னிஷ் மேல கை வச்சா மின்சாரம் எறங்காது."

லோடு போகட்டும், சாயங்காலம் சுரண்டிக்கொள்ளலாம் என்றார் ரத்தினசாமி. முனியசாமிக்கு தர்மசங்கடமாகிவிட்டது. மாலை போட்ட மனுசன் மனம் நோகக் கூடாதே என்று மகளின் காதைக் கடித்தார். அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"உள்ள ஆளுக இருக்காகப்பா."

அதைக் கேட்டதும் ரத்தினசாமி லோடு பேச்சை விட்டுவிட்டு, தானே போய் எல்லாரையும் வெளியே அழைத்தார். தூரத்துச் சாப்பாட்டுக் கொட்டகையில் அவர்களை உட்காரவைத்து, பிளாஸ்டிக் குழாய் ஒன்றை நைலான் துணியால் தேய்த்து அதில் டெஸ்டரின் நுனியை வைத்துக் காட்டினாள் கற்பகவல்லி. டெஸ்டர் விளக்கு மினுக்கென்று எரிந்தது. பெண்கள் சிரித்தார்கள். இதுவே மருந்துக்குப் பக்கத்தில் என்றால் என்று அவள் கேட்டதும் சிரிப்பு நின்றுவிட்டது. மருந்து அறையில் வேலை பார்க்கும் பத்திரகாளிதான் முதல் ஆளாக வார்னிஷைத் தேய்த்தெடுக்க உப்புத்தாளைக் கையில் எடுத்தாள். கழற்றிக் கொண்டுவந்த தகடுகளை ரத்தினசாமியும் உட்கார்ந்து தேய்த்தார். திரும்பப் பதித்து மீட்டரை வைத்தபோது முள் துள்ளியது.

வேலை தொடங்கியதும் ரத்தினசாமி லோடு அவசரத்தில் அறைக்குள் காலை வைக்கப் போனார். பத்திரகாளி வாசலை மறித்து நின்றாள்.

"மொதலாளி, தகட்டத் தொட்டுட்டு வாங்க."

அம்மாம்பெரிய முதலாளி மறுபேச்சில்லாமல் உள்ளங்கையைச் செம்பில் அழுத்தி எடுத்தார். முனியசாமி துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

மறுநாள் பஸ் ஸ்டாப்பில் கூட்டாளி சின்னச்சாமி வழக்கம்போல் கேட்டார், உம்ம மக என்னதான் வேலை பார்க்கிறாள் என்று. இந்தத் தடவை வாய் குழறவில்லை.

"மொதலாளியவே வாசல்ல நிறுத்தி, உள்ள இருக்க பொம்பளைகள உசுரோட வீட்டுக்கு அனுப்புற வேலையாக்கும்."