சுவருக்குள் இல்லாத பைப்

நாற்பது வீடுகள் கொண்ட அந்தக் கட்டடத்தின் கோப்பு அலுவலகத்துக்கு வந்த அன்றே, மின் ஆய்வாளர் அதைப் பக்கத்து மேசைக்காரரிடமிருந்து கேட்டு வாங்கிக்கொண்டாள். வேண்டாதவன் கட்டிய கட்டடத்தைத் தானே சோதிக்கப் போவது முறையல்ல என்று அவளுக்குத் தெரியும். தெரிந்தேதான் வாங்கினாள்.

அந்தக் காண்ட்ராக்டரிடம்தான் அவளுடைய தம்பி எலெக்ட்ரீஷியனாக இருந்தான். தலைமுடியைப் பார்த்து எல்லோரும் அவனைச் சுருட்டை என்றே கூப்பிடுவார்கள். மூன்று வருடத்துக்கு முன்னால், ஒரு வீட்டுச் சமையலறையில் ஓவனுக்கும் பாத்திரம் கழுவும் மெஷினுக்கும் ஒரே லைன் போதும் என்றான் காண்ட்ராக்டர். இரண்டுமே கரண்டை மடக்கு மடக்கென்று குடிக்கிறவை, தனித்தனி லைன் வேண்டும் என்று தம்பி தலைப்பாடாய் அடித்துக்கொண்டான். "ரெண்டையும் ஒரே நேரத்துல யாருய்யா போடப் போறாங்க? சொன்னதைச் செய்" என்று வாயை அடைத்துவிட்டான் அவன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் அந்த வீட்டுக்காரி இரண்டையும் ஒரே நேரத்தில் போட்டாள். சுவருக்குள் ஒயர் உருகி, அலமாரி பற்றி, சமையலறையே கரிக்கட்டையானது. உயிருக்கு ஒன்றுமில்லை. விசாரணையில் காண்ட்ராக்டர் கண்ணிமைக்காமல் சொன்னான்: "ரெண்டு லைனுக்கும் ஒயர் வாங்கிக் கொடுத்தேங்க. ஒண்ணை வித்துத் தின்னுட்டான்."

லைசென்ஸ் போனதைக்கூடத் தம்பி தாங்கிக்கொண்டான். திருடன் என்ற பட்டத்தைத்தான் தாங்க முடியவில்லை. இப்போது ஒரு நாற்றுப் பண்ணையில் செடிகளுக்குத் தண்ணீர் விடுகிறான். பல்பு மாற்றக் கூப்பிட்டால்கூடக் கையைப் பின்னால் கட்டிக்கொள்வான். அதைப் பார்க்கும்போதெல்லாம் அக்காவுக்கு வயிறு எரியும்.

சோதனைக்கு அவள் போன நேரத்தில், மாதிரி வீட்டில் வாங்க வந்தவர்கள் ஏழெட்டுப் பேர் நின்றிருந்தார்கள். காண்ட்ராக்டர் பல்லெல்லாம் தெரிய வரவேற்றான். அவளை அவனுக்குத் தெரியாது. வரைபடத்தில் ஓவனுக்கு ஒரு லைன், மெஷினுக்கு ஒரு லைன். கரண்டைத் துண்டிக்கும் பிரேக்கர் பெட்டியிலும் இரண்டுக்கும் தனித்தனியாகப் பெயர் ஒட்டியிருந்தது.

"ரெண்டையும் போடுங்க" என்றாள்.

ஓவன் சிவந்தது. மெஷினுக்குள் தண்ணீர் இரைந்தது. அவள் ஓவன் என்று எழுதியிருந்த பிரேக்கரை மட்டும் கீழே தட்டினாள். இரண்டும் ஒருசேர அடங்கிப்போயின.

"ஓவனைத்தானே அணைச்சீங்க? மெஷின் ஏன் நின்னுது?" என்றார் வாங்க வந்த ஒருவர்.

அவள் பெட்டியின் மூடியைக் கழற்றிக் காட்டினாள். மெஷினுக்கான பிரேக்கரின் பின்னால் ஒயரே இல்லை, ஒப்புக்கு உட்கார்ந்திருந்தது. ஓவன் பிரேக்கரோ, அந்த ஒயர் தாங்குவதைப் போல இரண்டு மடங்கு பெரியது. ஒயர் வெந்தாலும் அது விழுந்து கரண்டை நிறுத்தாது.

காண்ட்ராக்டரின் முகம் ஒரு நொடி வெளுத்து, உடனே தெளிந்தது. மூலையில் நின்ற எலெக்ட்ரீஷியனை, கண்ணாடியின் காலில் நூல் கட்டியிருந்த ஒரு வயதானவரை, கைநீட்டிக் காட்டினான்.

"இந்த ஆளுதாங்க! ரெண்டு லைனுக்கும் ஒயர் வாங்கிக் கொடுத்தேன். ஒண்ணை வித்துத் தின்னுட்டான்."

ஓர் எழுத்து மாறவில்லை. இந்த வாக்கியத்துக்காகத்தான் அவள் மூன்று வருடம் காத்திருந்தாள்.

"ஐயோ, நான் அப்படிப்பட்டவன் இல்லீங்கம்மா" என்று தழுதழுத்தார் கண்ணாடிக்காரர்.

"இருங்கய்யா" என்றவள் காண்ட்ராக்டரிடம் திரும்பினாள். "ஒயர் போற பைப்பைச் சுவர்ல பதிச்சது யாரு?"

"என் கொத்தனாருங்க. ஏன்?"

"ரெண்டு லைன்னா ரெண்டு பைப் இருக்கணும். ஒயரை உருவி விக்கலாம். சுவருக்குள்ள பூசின பைப்பை எப்படி விப்பாரு? இடிங்க, பாத்துடலாம்."

எத்தனை பைப் என்று அறிய, இடிக்காமல் ஒரு கம்பியை உள்ளே விட்டுப் பார்த்திருந்தாலே போதும். அது அவளுக்கும் தெரியும், கண்ணாடிக்காரருக்கும் தெரியும். இருவரும் மூச்சுவிடவில்லை. பளபளவென்றிருந்த டைல்ஸ் ஒவ்வொன்றாய்ப் பெயர்ந்து விழ, ஒவ்வொரு அடிக்கும் காண்ட்ராக்டர் துள்ளினான். மூன்று வருடத்தில் முதல்முறையாக அவளுக்கு நெஞ்சு குளிர்ந்தது. அரைச் சுவர் போயும் ஒரே ஒரு பைப்தான் இருந்தது. வாங்க வந்தவர்கள் போனில் படம் எடுத்துக்கொண்டே வெளியேறினார்கள்.

நாற்பது சமையலறைகளையும் இடித்து இரண்டாவது லைன் போட வேண்டும் என்று அவள் உத்தரவு எழுதினாள். நான்காம் நாள் காண்ட்ராக்டர் அலுவலகத்துக்கு வந்தான். காலையிலிருந்து மதியம் வரை அவனை நிற்க வைத்தாள்.

"என்மேல உங்களுக்கு அப்படி என்னம்மா பகை?"

"சுருட்டையோட அக்கா நான்."

அவன் நெற்றியைச் சுருக்கினான். "எந்தச் சுருட்டை?"

நடிப்பில்லை, நிஜமாகவே அவனுக்கு நினைவில்லை. சுவரை இடித்தபோது வந்த குளிர்ச்சி அத்தனையும் போய், முன்னைவிட மோசமாய் அவளுக்குக் கொதித்தது. எத்தனை பேர்மேல் அந்த வாக்கியத்தைச் சொல்லியிருந்தால் ஒரு முகம்கூட நினைவில் நிற்காமல் போகும்!

"எரிஞ்ச வீட்டுச் சுவரையும் போய்ப் பாத்துட்டேன். அங்கயும் ஒரே பைப்தான். நீங்களா எழுதிக் கொடுக்கிறீங்களா, இல்ல விசாரணையில பொய் சொன்னதுக்கு நான் எழுதட்டுமா?"

அவன் எழுதினான். ஒரே லைன் போடச் சொன்னது நான்தான், இரண்டாவது லைனுக்கு ஒயர் வாங்கிக் கொடுக்கவே இல்லை, சுருட்டை திருடவில்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டான்.

தம்பி அதைப் படித்து அழுவான், பெருந்தன்மையாக 'விட்டுடுக்கா' என்பான் என்றுதான் அவள் நினைத்தாள். அவன் இரண்டு முறை படித்தான். பிறகு கேட்டான்: "காலையில சைட்டுக்கு எத்தனை மணிக்கு வருவான்?"

மறுநாள் எட்டரை மணிக்குத் தம்பி அங்கே போனான். அவளும் கூடப் போனாள். அவளிடம் விஷயத்தைக் கேட்டிருந்த கண்ணாடிக்காரர் முன்பே எல்லோரிடமும் சொல்லி வைத்திருந்தார். கொத்தனார், டைல்ஸ் போடுகிறவர்கள், சிமெண்ட் சுமக்கிற பெண்கள் என்று முப்பது பேருக்குமேல் மணல்குவியலைச் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள். யாரும் கருவியைத் தொடவில்லை.

காண்ட்ராக்டர் காரைவிட்டு இறங்கியதும் தம்பி அந்தத் தாளை நீட்டினான்.

"படிங்க. அப்புறம் வேலை நடக்கும்."

காண்ட்ராக்டர் சுற்றுமுற்றும் பார்த்தான். இடித்துக் கட்ட வேண்டிய நாற்பது சமையலறைகள் மேலே காத்திருந்தன. தொண்டையைக் கனைத்துக்கொண்டு படிக்கத் தொடங்கினான்.

"காதுல விழல. சத்தமா" என்றான் தம்பி.

இரண்டு வரி படித்ததும் காண்ட்ராக்டரின் குரல் இறங்கியது. தம்பி கையைக் கட்டிக்கொண்டு, நிதானமாகச் சொன்னான்:

"முதல்லேருந்து."